ஒன்பது நிமிடப் பச்சை

அந்த அறையில் எல்லோரும் கட்டுப்பட்டு நடந்த சட்டம் ஒன்று உண்டு. அது எந்தக் காகிதத்திலும் இல்லை. பலகையில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருக்கும்வரை, வழி செத்துவிட்டது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. இதை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்ததாகத் தகவல் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் முதல் மாதத்திலேயே வெள்ளந்தியாக, விளக்கு பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வழியில் எதுவும் போகவில்லையே என்று சொல்லிவைப்பார். உடனே அறையில் இருக்கும் பதினொரு பேருக்கும் ஒரே கணத்தில் காது அடைத்துக்கொள்ளும். ஒருவர் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வார். இன்னொருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று மாலை தேநீர்த் தட்டு புதியவரின் மேசையைத் தாண்டிப் போகும். ஒரு வாரத்தில் அவருக்கும் காது அடைத்துவிடும். அதன்பிறகு அவருக்கும் தேநீர் கிடைக்கும்.

அங்கே பொறியாளராக இருந்த அவளுக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஆறு ஆண்டுகளாக அதைக் குடித்துக்கொண்டிருந்தாள். அறையில் அவளுக்கு முள் என்று பெயர். பேச்சில் குத்துவாள் என்பதால் வந்த பெயர் அது. குத்தினாளே தவிர எதையும் கிழித்ததில்லை. சுற்றியிருந்தவர்களை ஒருவர் விடாமல் அற்பர்கள் என்று மனத்துக்குள் வகைபிரித்து வைத்திருந்தாள். இவர் கோழை, இவர் சோம்பேறி, இவர் கோழையாகவும் சோம்பேறியாகவும் இருக்கும் அளவுக்குத் திறமைசாலி என்று பட்டியல் நீளும். அதில் தான் எந்தக் கட்டத்தில் வருகிறோம் என்பதை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தாள்.

பலகை என்று அவர்கள் சொன்னது சுவர் அகலத்துக்கு நின்ற திரையை. ஆலைகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் பேச்சும் தகவலும் ஓடுகிற ஒவ்வொரு வழிக்கும் அதில் ஒரு விளக்கு. வழிக்கு இரண்டு முனைகள், இரு முனையிலும் ஒரு ரூட்டர். அந்த இரண்டு ரூட்டர்களும் நொடிக்கு இருபது முறை ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொள்ளும்: இருக்கிறாயா, இருக்கிறேன், இருக்கிறாயா, இருக்கிறேன். அறையில் இதற்கு விசாரிப்பு என்று பெயர். மனிதர்கள் ஒருவரையொருவர் இத்தனை அக்கறையோடு விசாரித்ததாகச் சரித்திரம் இல்லை. தொடர்ந்து மூன்று விசாரிப்புகளுக்குப் பதில் வராவிட்டால், மறுமுனை போய்விட்டது என்று ரூட்டர் முடிவுகட்டிப் போக்குவரத்து முழுவதையும் தயாராக நிற்கும் இரண்டாவது வழிக்குத் திருப்பிவிடும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. பலகையில் மட்டும் அந்த விளக்கு சிவப்பாகும். மேலதிகாரிகள் இருக்கும் மேல் மாடிக்குத் தானாகவே ஒரு தகவல் போகும். முகம் தெரியாத யாரோ சில புத்திசாலிகள் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு இது. அதை இந்த அறையின் கையில் கொடுத்ததுதான் பிழை.

வழியை இடம் மாற்றும்போதுதான் சிக்கல் வரும். சாலையைத் தோண்டுகிறார்கள், பழைய கேபிளில் ஓடுவதைப் புதிய கேபிளுக்கு நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிடுங்கிச் செருகுகிற இடைவெளியில் விசாரிப்பு அறுந்துபோகும். அறாமல் மாற்றவும் முறை இருக்கிறது. முதலில் போக்குவரத்தை இரண்டாவது வழிக்கு அனுப்ப வேண்டும். புதிய கேபிளில் போக்கும் வரவும் சரியாக ஓடுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். விசாரிப்பை அதன்மேல் காலூன்றச் செய்த பிறகே போக்குவரத்தைத் திரும்ப அழைக்க வேண்டும். நாற்பது நிமிடம் பிடிக்கும். மேல் மாடிக்கு முன்கூட்டியே கடிதம் எழுத வேண்டும். கடிதம் எழுதினால் கேள்வி வரும். அறையின் தலைவருக்கோ கேள்வி என்றால் ஒவ்வாமை.

தலைவருக்கு அறை வைத்திருந்த பெயர் பூஜ்யம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு வைத்திருப்பார். அவர் தலையில் அதற்கு வேலை போய்ப் பத்தாண்டு ஆகியிருந்தது. கதவுக்கு எதிரே ‘அறுபடாத நாட்கள்’ என்று ஓர் எண்ணைப் பெரிதாக மாட்டி வைத்திருந்தார். ஆயிரத்து நானூற்றைத் தாண்டிய அந்த எண்ணைக் காட்டியே இரண்டு பதவி உயர்வு வாங்கியிருந்தார். இத்தனை நாளில் ஒரு சிவப்பும் இல்லை, தோல்விகள் பூஜ்யம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பெயர் அப்படித்தான் ஒட்டியது.

அந்தப் பூஜ்யத்தைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த உத்திக்கு மூச்சுப்பிடி என்று பெயர். வழியை மாற்றுவதற்குச் சற்று முன் விசாரிப்பின் பொறுமையைக் கூட்டிவிடுவது. நொடியில் ஏழில் ஒரு பங்கு நேரம் மட்டுமே பதிலுக்குக் காத்திருக்கும் ரூட்டரிடம், பத்து நிமிடம் காத்திரு என்று சொல்லிவிடுவது. அதன்பிறகு கேபிளைப் பிடுங்கலாம், செருகலாம், நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். மறுமுனை உயிரோடுதான் இருக்கிறது என்று ரூட்டர் நம்பிக்கொண்டே இருக்கும், விளக்கும் பச்சையாகவே எரியும். வேலை முடிந்ததும் பொறுமையைப் பழைய அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். நோயாளியின் நாடி தவறியது தெரியக் கூடாது என்பதற்காக, நாடி பார்ப்பவரை வெளியூருக்கு அனுப்பிவைப்பதைப் போன்ற மருத்துவம். பதிவேட்டில் ‘வழக்கமான பராமரிப்பு’ என்று இரண்டு சொல் எழுதுவார்கள். எந்தக் கை செய்தது என்று எழுதமாட்டார்கள். இதெல்லாம் மதிய உணவு வேளையில்தான் நடக்கும். பூஜ்யத்துக்கு இரவு கண்விழிப்பது ஆகாது. தான் சாப்பிடும் நேரத்தில் ஊரில் வேறு யாருக்கும் அவசரம் வராது என்பது அவருடைய கணிப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாற்ற வேண்டியிருந்தது ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் வழி.

அந்த மையத்தில் அவளுடைய அண்ணி வேலை பார்த்தாள். இதை அவள் அறையில் யாரிடமும் சொன்னதில்லை. தொலைபேசி எடுப்பதற்கு ஒரு வேலை, அந்த வேலைக்கு ஒரு சீருடை, அந்தச் சீருடைக்கு ஞாயிறுதோறும் இஸ்திரி என்று மனத்துக்குள் ஏளனமாக நினைத்துக்கொள்வாள். அண்ணன் குடும்பம் கீழே, அவள் மாடியில். சமையல் மட்டும் பொது. அண்ணியும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. அவளை இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிடுவாள். இன்ஜினியரம்மா, குழாய் சொட்டுது, உங்க படிப்புல அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா என்று கேட்பாள். இருவரும் ஒருவரையொருவர் மதிக்காமலே எட்டு ஆண்டுகள் ஒரே அடுப்பில் சமைத்திருந்தார்கள்.

செவ்வாய் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அவள் விசாரிப்பின் பொறுமையைப் பத்து நிமிடமாகக் கூட்டினாள். தெருவோரப் பெட்டியருகே நின்றிருந்த கேபிள்காரருக்குக் கைபேசியில் சரி என்று சொன்னாள். அவரை எல்லோரும் ஏணி என்பார்கள். உயரமும் அப்படி, தோளில் எப்போதும் ஒன்று இருக்கவும் இருக்கும். ஏணிக்கு வழக்கமாக ஒன்றரை நிமிடம் போதும். அன்று இரண்டு நிமிடம் ஆனது, மூன்றானது. மூன்றாவது நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். புதிய கேபிளின் கனெக்டர் ஒன்று சரியாக உட்காரவில்லை, தகவலைச் சுமக்கிற வெளிச்சமே ஒரு பக்கம் வரவில்லை, கழற்றித் துடைத்து மறுபடி போட வேண்டும், ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். விளக்கு பச்சை. அதற்குக் கீழே, அந்த வழியில் போகும் சுமையைக் காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஆம்புலன்ஸ் கேட்டு வருகிற அழைப்புகளை எல்லாம் இந்தப் பக்கத்து ரூட்டர் நம்பிக்கையோடு அந்த வெளிச்சமில்லாத கேபிளுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. அழைப்பவர் காதில் மணி ஒலிக்கும். மறுமுனையில் ஒன்றும் ஒலிக்காது.

செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. பொறுமையைப் பழைய அளவுக்குக் குறைத்தால் அடுத்த நொடியே விசாரிப்பு அறுந்து, அழைப்புகள் இரண்டாவது வழிக்குத் தாவியிருக்கும். விளக்கு சிவந்திருக்கும். கதவுக்கு எதிரே இருந்த எண் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும்.

பூஜ்யம் இரண்டு மேசை தள்ளி உணவுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். அவளுக்குச் சொல்லவேண்டிய சொல் தெரிந்திருந்தது. ஆனால் அறை ஆறு ஆண்டுகளாகக் கொடுத்த தேநீர் தொண்டையில் இருந்தது.

“சார், பழைய அளவுக்கே கொண்டுவந்துடட்டுமா?” என்றுதான் கேட்டாள்.

“பச்சையாத்தான இருக்கு?”

“பச்சைதான் சார்.”

“அப்புறம் என்னம்மா. ஏணி போட்டுடுவான். நீயும் சாப்பிடு.”

பக்கத்திலிருந்த உதவித் தலைவர், ஏணி கெட்டிக்காரன் சார், கண்ணை மூடிக்கிட்டே போட்டுடுவான் என்றார். அவருக்குப் பெயர் ஒத்து. தலைவர் பேசி முடித்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கி, அதே இடத்தில் முடிப்பவர். அவள் விசைப்பலகையின்மேல் வைத்திருந்த கையை எடுத்துக் காதைச் சொறிந்துகொண்டாள். முதுகெலும்பில்லாத பிறவிகள் என்று இருவரையும் மனத்துக்குள் திட்டினாள். திட்டிய திருப்தியில் கை மீண்டும் விசைப்பலகைக்குப் போகவில்லை.

நாலாவது நிமிடத்தில் அவளுடைய சொந்தக் கைபேசி அதிர்ந்தது. அண்ணி.

“இன்ஜினியரம்மா, ஒண்ணே ஒண்ணு. இங்க நான் மட்டும்தான் சீட்ல இருக்கேன். நாலு நிமிஷமா ஒரு கால்கூட வரல. இப்படி இருந்ததே இல்ல. உங்க லைன் சரியா இருக்கா?”

அறை முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

“பச்சையா இருக்கு அண்ணி.”

“அப்ப சரி. ஊருக்கே இன்னைக்கு உடம்பு நல்லா இருக்குபோல,” என்று சிரித்துவிட்டு அண்ணி வைத்துவிட்டாள்.

பன்னிரண்டு ஐம்பத்து நாலுக்கு ஏணி கனெக்டரைப் பொருத்தினார். படுத்திருந்த கோடு எழுந்து நின்றது. அவள் பொறுமையைப் பழைய அளவுக்குக் குறைத்தாள். ‘வழக்கமான பராமரிப்பு’ என்று எழுதினாள். மாலையில் தேநீர் வந்தது, குடித்தாள்.

மறுநாள் தெரிந்தது. அந்த ஒன்பது நிமிடத்தில் பதினொரு அழைப்புகள் ஆம்புலன்ஸ் மையத்துக்கு அனுப்பப்பட்டதாகத் தொலைபேசி நிலையத்தின் கணக்கில் இருந்தது. ஒன்றைக்கூட யாரும் எடுக்கவில்லை. பதினொன்றில் ஐந்து ஒரே ஆளுடையவை. மரப்பட்டறை ஒன்றில் தச்சர் ஒருவரின் கை மரமறுக்கும் வாளில் சிக்கிவிட்டது. கூட வேலை செய்தவர் ஐந்து முறை அழைத்துப் பார்த்து, பிறகு மரம் ஏற்றுகிற வண்டியில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். தச்சர் பிழைத்துக்கொண்டார். வலது கை பிழைக்கவில்லை. மையத்தின் கேமராவில் அந்த நேரத்தில் பதிவாகியிருந்தது ஒரே காட்சி: ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து, சுளை சுளையாக, நார் நீக்கிச் சாப்பிடுகிறாள்.

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. குற்றம் நிலைத்தால் வேலை போகும், அதோடு முடியாது. ஒரு மனிதன் கையை இழந்துகொண்டிருந்தபோது பழம் தின்றவள் என்ற பெயரோடுதான் அண்ணி மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டும். அந்தக் கேமராத் துண்டை அதற்குள் பாதி ஊர் பார்த்துவிட்டது. ஊர் என்பது பிறர் உரித்த பழத்தைப் பார்த்து ஒழுக்கம் பேசுகிற கூட்டம். அதற்கு வேறு வேலையும் இல்லை.

வழி சரியாக இருந்ததா என்று மையத்திலிருந்து ஒரு கேள்விக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை பூஜ்யம் தன் கையாலேயே பதிலை எழுதி அவள் மேசைமேல் வைத்தார். ‘மேற்கண்ட ஒன்பது நிமிடங்களிலும் வழியின் கண்காணிப்பு விசாரிப்பு அறுபடாமல் உயிருடன் இருந்தது. பலகையில் பிழை ஏதும் பதிவாகவில்லை.’ அடியில் அன்றைய பணியில் இருந்த பொறியாளரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

அவள் இரண்டு முறை படித்தாள். இவருக்கு ஒரு வாக்கியம் எழுதத் தெரியும் என்பதே அவளுக்குப் புதிய செய்தி.

“படிச்சுப் பாரும்மா. ஒரு வார்த்தை பொய்யா இருந்தா அடிச்சுடு,” என்றார் பூஜ்யம். சவாலாகச் சொல்லவில்லை. அவர் மெய்யாகவே அப்படி நம்பினார். அதுதான் அவரிடம் அவளுக்கு எப்போதும் பிடிக்காத விஷயம்: அயோக்கியத்தனம் செய்வதற்குத் தேவையான குறைந்தபட்ச அறிவுகூட இல்லாமல் அதை அவர் செய்தார்.

அவள் பேனாவோடு தேடினாள். அடிக்க ஒரு சொல் அகப்படவில்லை. விசாரிப்பு அறுபடவில்லை, உண்மை. உயிருடன் இருந்தது, அதுவும் உண்மை. பிழை பதிவாகவில்லை, அதைவிட உண்மை வேறு இல்லை. செத்தது வழி. வழியைப் பற்றி அந்தக் காகிதம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவ்வளவு சுத்தமான காகிதத்தை அவள் கண்டதில்லை. கையெழுத்துப் போட்டாள். வழக்கத்தைவிட அழகாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கீழே இறங்கியபோது, அண்ணி சாப்பாட்டு மேசைமேல் போர்வையை விரித்துச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் சன்னலருகே உட்கார்ந்து ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தான். ஆலோசனை என்பது அவனுடைய ஒரே தொழில்; மற்றதெல்லாம் துணைத்தொழில். அசதியாக இருந்தது, கவனிக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிடு, அழ முடிந்தால் கொஞ்சம் அழு, பெண்பிள்ளை அழுதால் மனமிரங்குவார்கள் என்றான். செய்யாததற்கு நான் அழமாட்டேன், நீங்கள் வேண்டுமானால் வந்து அழுங்கள், உங்களுக்குத்தான் நன்றாக வரும் என்றாள் அண்ணி. அவன் எழுந்து வெளியே போனான்.

அண்ணி காலரை மடித்து, நுனியில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“நீ பெரிய பெரிய பொட்டியெல்லாம் பார்க்கிறவ. ஒரு சந்தேகம். காதுல சத்தமே வரலைன்னா, வர்ற வழி செத்துப்போச்சா, இல்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஒரு துறையின் மொத்தக் கேள்வியும் இதுதான். தடித் தடிப் புத்தகங்களில் படம் போட்டுச் சொல்லியிருப்பதை அண்ணி சட்டைக் காலருக்கும் கைக்கும் நடுவில் கேட்டுவிட்டாள். தொலைபேசி எடுப்பதற்கு ஒரு வேலையா என்று எட்டு ஆண்டுகளாக நினைத்துவந்தது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

“அதான் உன்னைக் கேட்டேன்,” என்றாள் அண்ணி. “எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்ல.”

“விசாரணையில அதைச் சொல்லப்போறீங்களா?”

“எதை?”

“எனக்கு ஃபோன் பண்ணினதை.”

அண்ணி சட்டையைத் திருப்பிப் போட்டாள். சீட்டில் இருக்கும்போது சொந்தக் கைபேசியைத் தொடவே கூடாது என்பது மையத்தின் விதியாம். அதையும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள், எழுதட்டும், பரவாயில்லை. ஆனால் யாருக்குப் பண்ணினாய் என்று கேட்பார்கள். அப்புறம் உன்னைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். ஒரு வீட்டில் ஒருத்தி வேலை போனால் போதும், இரண்டு பேர் சேர்ந்து போகவேண்டியதில்லை என்றாள். கறிகாய் நறுக்கும் முறையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அதோட நீ என்ன பொய்யா சொன்னே? பச்சையாத்தான இருந்துச்சு. நான் உன்னை நம்பினேன், நீ அந்தப் பலகையை நம்பினே. யாரைக் குத்தம் சொல்றது?”

நான் பலகையை நம்பவில்லை அண்ணி என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் மேசைக்காலில் சுற்றியிருந்ததை விடுவித்துவிட்டு மாடிக்குப் போனாள். அன்று பிற்பகல் முழுவதும் கட்டிலில் உட்கார்ந்து, தன்னுடைய பழைய பட்டியலை முதலிலிருந்து பார்த்தாள். பூஜ்யத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் சக்தி அவருக்கு இல்லை. ஒத்துக்குச் சொந்தமாக ஒன்றும் தெரிவதற்கு அனுமதி இல்லை. ஏணி கையால் செய்ய முடிந்ததைச் செய்தார். அந்த அறையில் கோடு படுத்திருந்ததைப் பார்த்து, அதன் பொருள் புரிந்து, ஒரு வரியில் மாற்ற முடிந்து, கேட்டவளிடம் பச்சை என்று சொன்ன ஆள் ஒருத்திதான். கடைசிக் கட்டம் காலியாகவே இருந்ததற்குக் காரணம் தெரிந்தது. அது அவளுக்காகக் காத்திருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் மையத்தின் கூட்ட அறையில் விசாரணை. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைமை தாங்கிய அதிகாரி பேச்சுக்குப் பேச்சு கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரைக்கு அவருக்கு வேறு ஒரு நியாயம் வழங்க வேண்டியிருந்தது. மேசைக் கோடியில் சுருக்கெழுத்துக்காரர் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் தச்சரின் கூட்டாளி, நகத்திடுக்கில் மரத்தூளோடு. அண்ணி சுருக்கமில்லாத சீருடையில், சாட்சிக்கும் குற்றவாளிக்கும் நடுவாக ஒரு நாற்காலியில். பூஜ்யமும் ஒத்தும் அவளும் சன்னல் பக்கம்.

கேமராத் துண்டைப் போட்டார்கள். ஆரஞ்சு உரிக்கப்பட்டது. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அதிகாரி கேட்டதற்கு அண்ணி, ஃபோன் வரவில்லை, வந்திருந்தால் எடுத்திருப்பேன் என்றாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. தச்சரின் கூட்டாளி எழுந்தார். தன் கைபேசியில் அந்த ஐந்து அழைப்புகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

“ரிங் போச்சுங்க. அஞ்சு தடவையும் போச்சு. நாலாவது தடவை அவனே ‘விடுடா, எடுக்கமாட்டாங்க’ன்னான்.” பிறகு அண்ணியைப் பார்த்தார். “ஒரே ஒரு தடவை எடுத்திருக்கலாம்மா நீங்க.”

அண்ணி அவர் கண்ணைப் பார்த்தாள். தலையைக் குனியவில்லை.

அதிகாரி இந்தப் பக்கம் திரும்பினார். பூஜ்யம் சீப்பு இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்து, காகிதத்தை நீட்டினார். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் நாளாக அறுபடாத வழிகள் எங்களுடையவை என்று ஒரு முன்னுரை சொன்னார். ஒத்து தலையாட்டினார். அதிகாரி காகிதத்தை உரக்கப் படித்தார். படித்துவிட்டு, அப்படியென்றால் உங்கள் பக்கத்தில் குறை இல்லை, வழி உயிரோடுதான் இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“பலகை பச்சையா இருந்துச்சு சார்,” என்றார் பூஜ்யம். “இதோ, எங்க இன்ஜினியரே கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அங்கே இருந்தவர்களில் அதைக் கவனித்தது அவள் ஒருத்திதான். அதிகாரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. காகிதத்தைக் கோப்பில் செருகினார். அப்படியானால் மீதி இருப்பது கவனக்குறைவு மட்டும்தான் என்று சுருக்கெழுத்துக்காரரிடம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணி கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னல் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. தவறிப்போய்த் திரும்பினால் இருவருக்கும் உறவு என்று யாருக்காவது தெரிந்துவிடும் என்ற கவனம் அது.

அந்தக் கவனத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. தன்னைவிட மட்டமானவள் என்று நினைத்த ஒருத்தியின் பாதுகாப்பில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவமானமாக இருந்தது. முதலில் அந்த அவமானம்தான் அவளை எழுப்பியது. நியாயம் அதற்குப் பிறகுதான் எழுந்தது.

“சார், அந்த வழி செத்திருந்தது.”

அறையின் பழக்கம் இங்கேயும் வந்திருந்தது. ஒத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பூஜ்யம் அவள் முழங்கையைத் தொட்டு, உட்காரும்மா, அப்புறம் பேசிக்கலாம் என்று மெல்லச் சொன்னார். அவள் முழங்கையை இழுத்துக்கொண்டாள்.

“ஒன்பது நிமிஷம் செத்திருந்தது. பலகை பச்சையா இருந்ததுக்குக் காரணம் நான். வழி உயிரோட இருக்கான்னு கேட்டுப் பதில் வராட்டியும், பத்து நிமிஷம் காத்திருன்னு நான் முன்னாடியே மாத்திவச்சேன். எங்க அறையில எப்பவும் அப்படித்தான் செய்வோம். நான் கையெழுத்துப் போட்ட காகிதத்துல எல்லாம் உண்மை. வழி இருந்துச்சான்னு மட்டும் அதுல இல்ல.”

அதிகாரி முதன்முறையாகக் கடிகாரத்தை மறந்தார். அண்ணி இப்போது திரும்பிவிட்டாள். உட்கார் என்று கண்ணாலேயே அதட்டினாள்.

“நாலாவது நிமிஷம் இவங்க எனக்கு ஃபோன் பண்ணினாங்க. என் அண்ணி இவங்க. லைன் சரியா இருக்கான்னு கேட்டாங்க. இந்த ஊர்லயே அதைக் கேட்டது இவங்க ஒருத்தங்கதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பச்சைன்னு சொன்னேன்.”

தச்சரின் கூட்டாளி கைபேசியை மேசைமேல் வைத்தார். சுருக்கெழுத்துக்காரரின் விரல்கள் நடுவில் நின்றுவிட்டன. இதை எப்படி எழுதுவது, வழியில் தற்காலிகத் தடங்கல் இருந்ததாகப் போடட்டுமா என்று அவர் அதிகாரியிடம் தயங்கிக் கேட்டார். அதிகாரி பூஜ்யத்தைப் பார்த்தார். பூஜ்யம் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.

“தடங்கல் இல்லை,” என்றாள் அவள். “செத்திருந்ததுன்னு எழுதுங்க.”